பதினேழு வயதுப் பையன் என்எச்எல் போவானா? ஜூனியர் ஹாக்கியில் ஆளை எடைபோடும் விதம்

வெள்ளிக்கிழமை இரவு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணியான ஓஷாவா ஜெனரல்ஸின் ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால், முதல் இடைவேளைக்குள் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டுவிடுவார்: "அந்தப் பதினெட்டாம் நம்பர் பையன் மேலே போவானா?" மேலே என்றால் என்எச்எல், வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை ஹாக்கி லீக். பெரும் நட்சத்திரங்களான பாபி ஓரும் எரிக் லிண்ட்ரோஸும் ஜான் டவாரஸும் ஆடிவிட்டுப் போன அணி என்பதால், அந்த அரங்கில் இந்தக் கேள்வி காப்பிக் கோப்பையோடு கூடவே வரும்.

பார்க்கத் தொடங்கிய புதிதில் நான் சட்டென்று பதில் சொல்லிவிடுவேன். ஒருமுறை, லீக்கின் பாயின்ட் பட்டியலில் முதல் பத்துக்குள் இருந்த ஒருவனைக் காட்டி, "இவன் கட்டாயம் போவான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். நண்பர் உண்மையாகவே எழுதி வைத்துக்கொண்டார். அந்தப் பையனை எந்த என்எச்எல் அணியும் எடுக்கவில்லை. கனடியப் பல்கலைக்கழக அணி ஒன்றில் ஆடிக்கொண்டே படிப்பை முடித்தான். நான் கவனிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: அவனுக்கு 20 வயது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தோளால் ஒதுக்கிவிட்டுக் கோல் போட்டுக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்வி: இந்தப் பையன் இப்போது எதை வைத்து ஜெயிக்கிறானோ, அது எதிரே 26 வயது ஆள் நிற்கும்போதும் எடுபடுமா?

முதலில், "புரோ", அதாவது தொழில்முறை, என்றால் எது என்று முடிவு செய்யுங்கள்

என்எச்எல்லில் 32 அணிகள். ஓர் அணியின் பட்டியலில் 23 பேர். பெருக்கினால் 736 இடங்கள். கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா, செக் நாடு என்று எல்லா இடத்திலிருந்தும் வரும் 18 வயதுக்காரரும் 38 வயதுக்காரரும் இந்த இடங்களுக்குத்தான் மோதுகிறார்கள். ஓர் அணி 50 ஒப்பந்தங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். மேலே இடம் கிடைக்காதவர்கள் ஏஎச்எல்லில் ஆடுவார்கள். அதற்கும் கீழே ஈசிஎச்எல் இருக்கிறது. ஐரோப்பாவில் சுவீடனின் எஸ்எச்எல், பின்லாந்தின் லீகா, ஜெர்மனியின் டிஇஎல், சுவிஸ் லீக், ரஷ்யாவின் கேஎச்எல் என்று தனி உலகமே உண்டு. ஜெர்மனியில் பத்து ஆண்டு ஆடி, குடும்பத்தை நடத்தி, வீடு வாங்கியவரும் தொழில்முறை ஆட்டக்காரர்தான். அவரைத் தோற்றுப்போனவர் என்று சொல்வது நம் அறியாமை.

ஆகவே "போவானா?" என்று யாராவது கேட்டால், "எங்கே?" என்று திருப்பிக் கேளுங்கள்.

வடிகட்டி எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒன்டாரியோவில் 1975இல் பிறந்து ஹாக்கி ஆடிய சுமார் 30,000 பையன்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஒன்டாரியோ ஜூனியர் லீக்கான ஓஎச்எல்லின் அணிகள் தேர்ந்தெடுத்தது 232 பேரை. என்எச்எல் அணிகள் டிராஃப்ட்டில் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்ச்சி) எடுத்தது 48 பேரை. எடுக்கப்பட்டவர்களிலும் பலர் ஓர் ஆட்டம்கூட மேலே ஆடவில்லை. நீங்கள் ஓஎச்எல் அரங்கில் பார்க்கும் மிகச் சாதாரணமான நான்காம் வரிசைப் பையனும் (முன்னால் ஆடுபவர்கள் மூவர் மூவராக, நான்கு வரிசையாக மாறி மாறி இறங்குவார்கள்) இந்த 30,000இலிருந்து வடிந்து வந்தவன்தான்.

லீக்குகளின் அமைப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடிய ஜூனியர் ஹாக்கியின் மேல்தட்டு சிஎச்எல். அதன்கீழ் ஓஎச்எல், மேற்குக் கனடாவின் டபிள்யூஎச்எல், கியூபெக் லீக் என்று மூன்று. வயது 16 முதல் 20 வரை. ஓர் அணியில் 20 வயதுக்காரர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாது. அமெரிக்கப் பக்கம் யுஎஸ்எச்எல்லில் ஆடிவிட்டு, கல்லூரி ஹாக்கியான என்சிஏஏவுக்குப் போவார்கள். சிஎச்எல்லில் ஆடியவர் என்சிஏஏவில் ஆட முடியாது என்று நெடுங்காலமாக ஒரு சுவர் இருந்தது. 2024 நவம்பரில் அதை இடித்தார்கள்; 2025 ஆகஸ்ட் முதல் வழி திறந்துவிட்டது. முந்தைய சீசனில் டபிள்யூஎச்எல்லின் மெடிசின் ஹாட் அணிக்காக 56 ஆட்டங்களில் 129 பாயின்ட் எடுத்திருந்த கேவின் மெக்கென்னா, அடுத்த சீசனுக்குப் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மெதுவாக வளரும் பையன்களுக்கு இது பெரிய வரம். இருபது வயதில் கதை முடிந்தது என்ற நிலை போய், இன்னும் மூன்று நான்கு ஆண்டு ஆடிக் காட்ட இடம் கிடைக்கிறது.

அடுத்து, பிறந்த தேதி

பாயின்ட் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் பையனின் பிறந்த தேதியைப் பாருங்கள். நான் வாங்கிய அடி இங்கேதான் என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

செப்டம்பர் 15க்குள் 18 வயது நிரம்பினால் அந்த ஆண்டு என்எச்எல் டிராஃப்ட்டுக்குத் தகுதி. ஒரு நாள் பிந்தினாலும் அடுத்த ஆண்டுதான். டவாரஸ் பிறந்தது 1990 செப்டம்பர் 20. ஐந்து நாளில் 2008ஐத் தவறவிட்டு 2009இல் முதல் ஆளாகப் போனார். ஆஸ்டன் மேத்யூஸ் 1997 செப்டம்பர் 17. இரண்டே நாள் பிந்தியதால் இன்னோர் ஆண்டு காத்திருந்தார். அந்த ஆண்டை ஜூனியரில் கழிக்காமல் சூரிச்சில் பெரியவர்களோடு ஆடிவிட்டு, 2016இல் முதல் ஆளாகப் போனார்.

இதனால் என்ன ஆகிறது என்றால், 2007 செப்டம்பர் 20இல் பிறந்தவனும் 2008 செப்டம்பர் 10இல் பிறந்தவனும் 2026இல் ஒரே டிராஃப்ட்டில் நிற்பார்கள். இடையில் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு. பதினேழு வயதில் ஓர் ஆண்டு என்பது நான்கைந்து கிலோ தசை, ஒரு முழு சீசன் அனுபவம். இருவரும் 70 பாயின்ட் எடுத்திருந்தால் அது ஒரே 70 அல்ல.

சிறு வயது ஹாக்கியில் வெட்டுத் தேதி வேறு: ஜனவரி 1. ஜனவரியில் பிறந்த எட்டு வயதுப் பிள்ளை, டிசம்பரில் பிறந்தவனைவிட ஒரு தலை உயரம். நல்ல அணி, நல்ல பயிற்சியாளர், கூடுதல் ஐஸ் நேரம் எல்லாம் அவனுக்கே போய்ச் சேரும். கனடிய உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி இதை 1980களிலேயே எண்ணிக் காட்டினார். ஜூனியர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்து கிடந்தார்கள். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொரு பக்கத்தைத் திறந்தது: ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்களை என்எச்எல் அணிகள் அவர்களுடைய தகுதிக்குக் கீழே மதிப்பிட்டிருக்கின்றன, டிராஃப்ட்டில் தங்களுக்குக் கிடைத்த இடத்தைத் தாண்டி அவர்கள் சாதித்திருக்கிறார்கள். இரண்டு பையன்கள் எல்லாவற்றிலும் சமமாகத் தெரிந்தால் நான் இளையவன் பக்கமே சாய்வேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பதினைந்து வயதிலேயே மீசை அரும்பி, ஆள் போல வளர்ந்துவிட்டவனிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஓஎச்எல்லில் பதினைந்து வயதிலேயே ஆடச் சிறப்பு அனுமதி கொடுக்கும் வழக்கம் 2005இல் டவாரஸோடு தொடங்கியது. அடுத்து ஆரன் எக்ப்ளாட், அப்புறம் கானர் மெக்டேவிட். மூவருமே பின்னர் டிராஃப்ட்டின் முதல் ஆள். நான்காவதாக 2013இல் அனுமதி வாங்கியவர் ஷான் டே. வயதுக்கு மீறிய உடம்பு, அழகான ஸ்கேட்டிங். மூன்று ஆண்டு கழித்து டிராஃப்ட் வந்தபோது 81ஆம் ஆளாகத்தான் எடுத்தார்கள். என்எச்எல்லில் விரல்விட்டு எண்ணும் ஆட்டங்களே கிடைத்தன. மற்றவர்களும் வளர்ந்து உயரம் சமமான பிறகு கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பாயின்ட்டைப் பிரித்துப் பாருங்கள்

கோல் போட்டால் ஒரு பாயின்ட். அந்தக் கோலுக்குப் பக்கை (பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் வட்டு) கடைசியாகக் கொடுத்தவருக்கு ஒன்று, அவருக்குக் கொடுத்தவருக்கும் ஒன்று. ஆக ஒரு கோல் மூன்று பேர் கணக்கில் ஏறலாம். இந்த மூன்றாம் ஆள் பாயின்ட்தான் மிகவும் ஏமாற்றும். தன் கோல் பக்கம் நின்று சும்மா பக்கைத் தள்ளிவிட்டவனுக்கும் வந்துவிடும்.

மொத்தத்தை விடுங்கள், ஓர் ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்துக்கொள்ளுங்கள். டிராஃப்ட் ஆண்டில் இருக்கும் 17 வயது ஃபார்வர்ட் (முன்னால் நின்று கோல் போடப் பார்ப்பவன்) ஓஎச்எல்லில் ஆட்டத்துக்கு ஒன்று எடுத்தால் கவனிக்க வேண்டியவன். ஒன்றரைக்கு மேல் போனால் அரங்கின் மேல் வரிசையில் என்எச்எல் அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள். இது என் கைக்கணக்குதான், சட்டம் அல்ல.

வெவ்வேறு லீக்குகளை ஒப்பிட ரசிகர்கள் ஒரு பெருக்கல் எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு லீக்கிலிருந்து என்எச்எல்லுக்குப் போனவர்களின் பாயின்ட் எவ்வளவு சுருங்கியது என்று பார்த்துக் கண்டெடுத்த எண் அது. ஓஎச்எல்லுக்கு ஏறக்குறைய 0.3, ஏஎச்எல்லுக்கு அதைவிடக் கூடுதல், சுவீடன் மேல் லீக்குக்கு இன்னும் கூடுதல். ஆட்டத்துக்கு 1.2 எடுக்கும் ஓஎச்எல் பையனை 0.3ஆல் பெருக்கினால் 0.36, 82 ஆட்டங்களுக்கு 30 பாயின்ட் அருகே வரும். நாளைக்கே மேலே அனுப்பினால் 30 எடுப்பான் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். கனடாவின் சாஸ்கட்சூவனில் ஆடுபவனையும் ஸ்டாக்ஹோமில் ஆடுபவனையும் ஒரே தராசில் வைக்க ஒரு கல், அவ்வளவுதான். ஐரோப்பாவில் பெரியவர்கள் லீக்கில் ஆடும் 17 வயதுப் பையனுக்கு இந்தக் கல்லும் உதவாது. ஓர் ஆட்டத்துக்கு ஏழு எட்டு நிமிடம்தான் இறக்கிவிடுவார்கள். மூன்று பாயின்ட்டோடு சீசன் முடியும். அந்த வயதில் அங்கே இடம் கிடைத்ததே செய்தி.

அப்புறம், கூட ஆடியவர்கள் யார்? 2015-16இல் ஓஎச்எல்லின் லண்டன் நைட்ஸ் அணியில் (ஒன்டாரியோவில் உள்ள லண்டன்) ஒரு வரிசை இருந்தது. கிறிஸ்டியன் டுவோராக் 121, மிட்ச் மார்னர் 116, மேத்யூ கச்சக் 107. மூவருமே ஆட்டத்துக்கு இரண்டு பாயின்ட் பக்கம். எண்ணை மட்டும் பார்த்தால் டுவோராக் முதலில் நிற்கிறார். மேலே போன பிறகு மார்னரும் கச்சக்கும் நட்சத்திரங்கள் ஆனார்கள். டுவோராக் நம்பகமான நடு வரிசை ஆட்டக்காரராக நிலைத்தார். அதுவும் நல்ல வாழ்க்கைதான், ஆனால் ஒரே எண்ணிலிருந்து வந்த மூன்று வேறு வாழ்க்கைகள். அந்த ஆண்டு அந்த அரங்கில் உட்கார்ந்து பார்த்திருந்தால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: மூவரில் யாரை எடுத்துவிட்டால் மற்ற இருவரின் எண் சரியும்?

பவர் பிளேயில் வந்தவை எத்தனை, இரு பக்கமும் ஐவர் ஆடும்போது வந்தவை எத்தனை என்றும் பாருங்கள். எதிரணியில் ஓர் ஆள் குறைவாக இருக்கும்போது பாயின்ட் சேர்ப்பது ஜூனியரில் எளிது. மேலே போனால் அந்த முதல் பவர் பிளேக் குழுவில் இடமே கிடைக்காது. எண்கள் ஏமாற்றியதற்குப் பழைய உதாரணம் அலெக்ஸாந்தர் டெய்ல்: 1992-93இல் கியூபெக் லீக்கில் 53 ஆட்டங்களில் 137 பாயின்ட். ஒட்டாவா அவரை முதல் ஆளாக எடுத்தது. இரண்டாம் ஆளாகப் போன கிறிஸ் ப்ராங்கர் பின்னாளில் ஹாக்கியின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார். டெய்ல் எதிர்பார்ப்பின் பக்கத்தில்கூட வரவில்லை.

அரங்குக்குப் போய்ப் பாருங்கள்

இதற்கு ஈடு எதுவும் இல்லை. கண்ணாடி ஓரத்து இருக்கை வேண்டாம். மோதல் சத்தம் நன்றாகக் கேட்கும், ஆட்டம் தெரியாது. மேலே, மூலைப் பக்கம் உட்காருங்கள். அங்கிருந்துதான் யார் எங்கே காலியாக நிற்கிறார், யாருக்கு அது தெரிந்தது என்பது தெரியும்.

ஒரே ஒருவனைத் தேர்ந்தெடுத்து, அவன் ஐஸில் இருக்கும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் அவனை மட்டும் பாருங்கள். ஒரு ஷிஃப்ட், அதாவது ஒருமுறை இறங்கி ஆடும் நேரம், முக்கால் நிமிடம் அளவுதான். பக் எங்கே போனாலும் கண் அதன் பின்னால் ஓடும். முதல் ஆட்டத்தில் இதைக் கட்டுப்படுத்துவதே பெரும்பாடு. எனக்கு மூன்று ஆட்டம் பிடித்தது.

ஸ்கேட்டிங்கில் உச்ச வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நின்ற இடத்திலிருந்து முதல் மூன்று அடி எப்படி, திரும்பும்போது வேகம் விழுகிறதா, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி வளைகிறானா என்று பாருங்கள். ஸ்கேட்டிங் மோசம் என்று உடனே கழித்துவிடவும் வேண்டாம். காலை மடக்கும் விதம், முதுகை வளைக்கும் விதம் போன்றவை திருத்தக்கூடியவை. பிரேடன் பாயின்ட் என்பவரை டாம்பா பே அணி 2014இல் 79ஆம் ஆளாகத்தான் எடுத்தது. குள்ளம், ஸ்கேட்டிங் போதாது என்று மற்றவர்கள் தயங்கினார்கள். டாம்பாவின் ஸ்கேட்டிங் பயிற்சியாளர் பார்ப் அண்டர்ஹில், 1984இல் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலகச் சாம்பியனாக இருந்தவர், பிரேடனின் காலைச் சீர்படுத்தினார். பிரேடன் பாயின்ட் இரண்டு முறை என்எச்எல்லின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பை வென்றார்.

திருத்த முடியாதது, அல்லது மிகக் கடினமானது, தலைக்குள் நடப்பது. பக் தன்னிடம் வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறானா? எத்தனை முறை? பார்த்தவன் பக் வந்தவுடன் அடுத்ததைச் செய்துவிடுவான். பார்க்காதவன் பக்கை வாங்கி, நிறுத்தி, தலையைத் தூக்கி, பிறகு யோசிப்பான். ஜூனியரில் அந்த ஒரு நொடி கிடைக்கும். மேலே கிடைக்காது. ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டு ஆட்டத்திலேயே வித்தியாசம் கண்ணில் படும்.

இப்போது கோல்கள். ஒவ்வொரு கோலையும் மறுபடி ஓட்டிப் பார்த்து, எங்கிருந்து எப்படி வந்தது என்று எழுதுங்கள். ஜூனியரில் கைதட்டல் வாங்கும் கோல் பெரும்பாலும் ஒரே மாதிரி: வேகமான பையன், மெதுவான டிஃபென்ஸ்மேனை (பின்னால் நின்று தடுத்து ஆடுபவர்) வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்ப் போடுவது. பார்க்க அழகு. என்எச்எல் டிஃபென்ஸ்மேன் அந்த இடைவெளியைக் கொடுக்கவே மாட்டார். பையன் சுவரோரம் ஒட்டிக்கொண்டு மூலைக்குப் போவான், அங்கேயே கதை முடியும். அதைவிட, வலைக்கு முன்னால் நெரிசலில் நின்று, இருவர் முதுகில் குத்த, ஸ்டிக்கை விடுவித்துப் பக்கைத் தட்டிவிடுபவனின் அசிங்கமான கோல் எனக்கு அதிகம் சொல்கிறது. அது மேலேயும் கோல்தான்.

பக்கைப் பறிகொடுத்த அடுத்த இரண்டு நொடியைக் கவனியுங்கள். கையை விரித்து நடுவரைப் பார்க்கிறானா, திரும்பி ஓடுகிறானா? இதில் நல்லொழுக்கப் பாடம் எதுவும் இல்லை, வேலைவாய்ப்புக் கணக்குதான். ஜூனியரில் முதல் வரிசையில் ஆடும் பத்துப் பேர் மேலே போனால், ஒருவர் இருவருக்குத்தான் அங்கேயும் முதல் வரிசை. மற்றவர்கள் மூன்றாம் நான்காம் வரிசையில், ஓர் ஆள் குறைவாக இருக்கும்போது தடுத்து ஆடும் வேலையைச் செய்தாக வேண்டும். ஒரு கோல் முன்னிலையில், கடைசி நிமிடத்தில், பயிற்சியாளர் இவனை ஐஸில் விடுகிறாரா பெஞ்சில் உட்கார வைக்கிறாரா என்பது நான் தவறாமல் குறித்துக்கொள்ளும் விஷயம்.

உயரம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மார்டின் செயின்ட் லூயி 173 சென்டிமீட்டர்தான். டிராஃப்ட்டில் யாருமே எடுக்கவில்லை. 2004இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். லேன் ஹட்சனை 2022இல் 62ஆம் ஆளாக எடுத்தார்கள். 2025இல் சிறந்த புதுமுகம் அவர்தான். இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு உயரம் முக்கியமில்லை என்று வாதாடுபவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். நான் அப்படிச் சொல்லமாட்டேன். குள்ளமானவனிடம் வேறு ஏதோ ஒன்று மிகத் தூக்கலாக இருக்க வேண்டும். அது எது என்று ஒரே வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடியவில்லை என்றால், அது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். குறைந்தது மூன்று: ஒன்று சொந்த ஊரில், ஒன்று வெளியூரில், ஒன்று வாரக் கடைசியில் அடுத்தடுத்து மூன்று நாள் ஆட்டம் இருக்கும்போது மூன்றாம் நாளில். முந்தைய இரவு பஸ்ஸில் தூங்கிவிட்டு வந்த பையன் ஞாயிறு மதியம் எப்படி ஆடுகிறான் என்பதில் நிறையத் தெரியும்.

டிஃபென்ஸும் கோல் காக்கும் கோலியும் வேறு கதை

டிஃபென்ஸ்மேனின் பாயின்ட்டைப் பாதி நம்பலாம், அதற்கு மேல் வேண்டாம். அவனிடம் பார்க்க வேண்டிய தருணம் ஒன்றுதான்: எதிரணி பக்கை மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தி வரும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்கப் போகிறானே, அந்தத் தருணம். போகும் வழியில் திரும்பிப் பார்த்தானா, எடுத்தவுடன் முதல் பாஸ் சக ஆட்டக்காரரின் ஸ்டிக்கில் போய் விழுந்ததா, இல்லை பயத்தில் சுவரில் அடித்து வெளியேற்றினானா? எதிராளி ஓடி வரும்போது எவ்வளவு நெருங்கி நிற்கிறான் என்பதும் முக்கியம். 2019இல் டெட்ராய்ட் அணி மோரிட்ஸ் சைடரை ஆறாம் ஆளாக எடுத்தபோது பலருக்கு ஆச்சரியம். ஜெர்மனியில் மான்ஹைம் அணிக்காகப் பெரியவர்களோடு ஆடி எடுத்தது பெரிய எண்ணிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் பார்த்தவர்களுக்கு இந்த விஷயங்கள் தெரிந்திருந்தன. 2022இல் சிறந்த புதுமுகம் அவர்தான்.

கோலிகளை நான் கணிப்பதில்லை. கானர் ஹெலபக் டெக்சஸில் ஒடேசா என்ற ஊரில், பெரிதாக யாரும் பார்க்காத லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். 130ஆம் ஆளாக எடுத்தார்கள். 2025இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். ஜோர்டன் பின்னிங்டன் 25 வயது வரை கீழே காத்திருந்து, 2019 ஜனவரியில் வாய்ப்புக் கிடைத்து, அதே ஆண்டு ஜூனில் கோப்பையைத் தூக்கினார். கோலிக்கு 24, 25 வயதுவரை தீர்ப்பு எழுத வேண்டாம். நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்களே திணறுகிறார்கள்.

தரவரிசைகளையும் டிராஃப்ட்டையும் எப்படிப் படிப்பது

என்எச்எல்லின் மத்திய ஸ்கவுட்டிங் அலுவலகம் சீசன் தொடக்கத்தில் ஒன்று, ஜனவரியில் ஒன்று, வசந்தத்தில் இறுதியாக ஒன்று என்று பட்டியல் போடும். புதியவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் இது: பட்டியல் ஒன்றல்ல, நான்கு. வட அமெரிக்க ஆட்டக்காரர்கள், வட அமெரிக்கக் கோலிகள், ஐரோப்பிய ஆட்டக்காரர்கள், ஐரோப்பியக் கோலிகள். வட அமெரிக்கப் பட்டியலில் 25ஆம் இடம் என்றால் டிராஃப்ட்டில் 25ஆம் ஆள் என்று அர்த்தமில்லை. ஐரோப்பியர்கள் நடுவில் நுழைவார்கள். ஜனவரிக்கும் இறுதிக்கும் இடையில் ஏறினானா இறங்கினானா என்பதை மட்டும் நான் குறித்துக்கொள்வேன்.

டிராஃப்ட்டுக்கு முன் உடற்தகுதிச் சோதனை ஒன்று நடக்கும். சைக்கிள் மிதிப்பது, நீளம் தாண்டுவது, கம்பியில் தொங்கி எழும்புவது. ஐஸில் எதுவும் கிடையாது. 2014இல் சாம் பென்னட்டால் கம்பியில் ஒருமுறைகூட எழும்ப முடியவில்லை, ஊரே சிரித்தது. 2025இல் ஃபுளோரிடா அணி ஸ்டான்லி கோப்பை வென்றபோது, சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்றான பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். நான் அந்தப் பட்டியலை வேடிக்கைக்காகப் படிப்பதோடு சரி.

டிராஃப்ட் ஏழு சுற்று, 224 பேர் வரை. முதல் பத்துக்குள் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் என்எச்எல்லில் காலூன்றுகிறார்கள். முதல் சுற்றின் கடைசிக்கு வரும்போதே நிச்சயம் கரைகிறது. இரண்டாம் சுற்றில் மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு வைத்துக்கொள்ளலாம், நான்காம் சுற்றுக்குப் பிறகு பத்தில் ஒருவர் இருவர்தான். டெட்ராய்ட் 171ஆம் ஆளாகப் பாவெல் டட்சூக்கையும் 210ஆம் ஆளாக ஹென்ரிக் செட்டர்பெர்கையும் கண்டெடுத்தது உண்மை. 2012இன் முதல் ஆள் நெய்ல் யாகுபோவ் 350 ஆட்டத்தோடு வெளியேறியதும் உண்மை. ஆனால் விதிவிலக்குகள்தான் கதையாகப் பேசப்படுகின்றன. நான்காம் சுற்றில் போய்க் காணாமல் போன நூற்றுக்கணக்கானவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்னொன்று: முதல் சுற்றில் எடுத்தவனுக்கு அணி திரும்பத் திரும்ப வாய்ப்புக் கொடுக்கும். எடுத்த முடிவு தவறு என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? ஆறாம் சுற்றுக்காரனுக்கு ஒரே வாய்ப்பு, அதுவும் யாருக்காவது காயம் பட்டால்.

டிராஃப்ட்டுக்கு அடுத்த ஆண்டுதான் என்னைப் பொறுத்தவரை நல்ல தேர்வு. 18, 19 வயதில் பாயின்ட் கணிசமாக ஏற வேண்டும். அதே இடத்தில் நின்றால் கவலைப்படலாம். எடுத்த அணி சீக்கிரமே ஒப்பந்தம் போட்டதா என்று பாருங்கள். பணம் வைத்துப் பேசும் கருத்து அதுதான். இலையுதிர் காலத்தில் சில பையன்கள் என்எச்எல்லில் ஒன்பது ஆட்டம் ஆடிவிட்டு ஜூனியருக்குத் திரும்புவதைப் பார்ப்பீர்கள். பத்தாவது ஆட்டம் ஆடினால் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு கழியத் தொடங்கும் என்பதால் அந்தக் கணக்கு. திரும்பி வந்தது தோல்வி அல்ல. சிஎச்எல் பையன்களை 20 வயதுக்கு முன் ஏஎச்எல்லுக்கு அனுப்ப முடியாது என்ற விதியால், 19 வயதில் ஜூனியருக்குப் பெரியவனாகவும் என்எச்எல்லுக்குச் சிறியவனாகவும் நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. 2026-27 முதல் ஓர் அணி ஒரு 19 வயதுக்காரரை அனுப்பலாம் என்று இதைத் தளர்த்தியிருக்கிறார்கள்.

பிறகு ஏஎச்எல். உண்மையான சல்லடை அங்கேதான். 20 முதல் 22 வயதுக்குள் அங்கே இரண்டாம் ஆண்டில் முதல் இரண்டு வரிசைக்கு ஏறியவனுக்கு அழைப்பு வரும். ஏறாதவன் 24 வயதில் ஐரோப்பா பற்றி விசாரிக்கத் தொடங்குவான். அதற்குப் பிறகும் ஆள் எழும்புவது உண்டு: மார்க் ஜோர்டானோவை டிராஃப்ட்டில் யாரும் எடுக்கவில்லை, ஓஎச்எல்லின் ஓவன் சவுண்ட் அணியில் ஆடினார், என்எச்எல்லின் கால்கரி அணிக்குப் போனார், நடுவில் ஓர் ஆண்டு மாஸ்கோ போய் ஆடிவிட்டுத் திரும்பினார், 2019இல் லீக்கின் சிறந்த டிஃபென்ஸ்மேன் ஆனார். அப்போது வயது 35.

கடைசியாக, எழுதி வையுங்கள்

"போவான்" "போகமாட்டான்" என்று எழுதாதீர்கள். நான் நான்கு வரி எழுதுவேன். உதாரணமாக, மூன்றாம் சுற்றில் போன, நன்றாகத் தடுத்து ஆடும் ஒரு ஃபார்வர்ட் என்று வையுங்கள். ஏதாவது ஒரு லீக்கில் சம்பளத்துக்கு ஆடுவான்: பத்தில் எட்டு. ஏஎச்எல்லில் நிலைப்பான்: பத்தில் ஐந்து. என்எச்எல்லில் ஓர் ஆட்டமாவது: பத்தில் மூன்று. 200 ஆட்டம்: பத்தில் ஒன்றரை. பக்கத்திலேயே என்ன வேலைக்கு என்றும் எழுதுங்கள், "மூன்றாம் வரிசை சென்டர்" என்பது போல. எந்த ஒரு விஷயம் மாறினால் இந்த எண் மாறும் என்பதையும் ஒரு வரியில். தேதி போடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து எடுத்துப் பாருங்கள். என் பழைய நோட்டில் வேகத்தைக் கண்டு மயங்கிய இடங்கள் வரிசையாக இருக்கின்றன. இப்போது வேகமான பையனைப் பார்த்தால் வந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்கிறேன்.

அரங்கில் பேசும்போது குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். இந்தப் பையன்கள் பெரும்பாலும் வீட்டை விட்டு வந்து, அந்த ஊரில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஆடுகிறார்கள். அந்த வீட்டு அம்மாவும் சீசன் டிக்கெட் வைத்திருப்பார், இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் இரண்டாம் இடைவேளையில் நான் ஒருவனின் ஸ்கேட்டிங்கைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது அப்படி ஒருவர் திரும்பிப் பார்த்தார். "முழங்காலில் அடிபட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது, யாருக்கும் சொல்லவில்லை" என்றார். அந்த வரியையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.